தப்பு அடிக்காத காலை

அந்தக் குதிரையைக் கண்டாலே எனக்கு எரிச்சல்தான் வரும். இலங்கை மலைநாட்டில் வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரப் பெரிய துரை அதன் மேல் ஏறித்தான் மலை மலையாகச் சுற்றுவார். குளம்புச் சத்தம் கேட்டதும் கொழுந்து பறிக்கிற நாங்கள் பாதையை விட்டு ஒதுங்கி, தலை குனிந்து சலாம் போட வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் துரையின் முகம் தெரியாது, குதிரையின் பல்தான் தெரியும்.

சுதந்திரம் வந்து சில வருடங்களில் துரை சீமைக்குப் புறப்பட்டார். அப்படிப் போகிற துரைமார் வயதான குதிரையை விற்க மாட்டார்கள், சுட்டுவிட்டுத்தான் போவார்கள். கண்டவன் கையில் அது அடிபடக் கூடாதாம். என் அண்ணன் பங்களாவில் குதிரைக்காரர். துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்று, "சுட வேணாங்க தொரை, நான் வச்சிக் காப்பாத்துறேன்" என்று அழுதிருக்கிறார். துரை என்ன நினைத்தாரோ, கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். அன்று சாயங்காலமே, வயதாகி ஒரு கால் நொண்டத் தொடங்கியிருந்த அந்தக் குதிரை எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த மாட்டுக் கொட்டகைக்குக் குடிவந்தது.

"நமக்கே கால் நீட்ட எடமில்ல. இதுல தொரை வீட்டு விருந்தாளி வேறயா?" என்று கத்தினேன். அண்ணன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

லயத்தை எழுப்ப விடியற்காலையில் தப்பு மேளம் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் குதிரையும் எழுந்துவிடும். யாரும் ஓட்டாமலே பெரட்டுக்களத்துக்குப் போய், அங்கே ஆட்களைக் கணக்கெடுத்துப் பிரித்து வேலைக்கு அனுப்பும்வரை ஓரமாக நிற்கும். பிறகு பழைய துரை போன அதே பாதையில் நொண்டி நொண்டி மலையைச் சுற்றி வரும். பனிமூட்டத்தில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்கும். நாங்கள் அரக்கப் பரக்க ஒதுங்கிச் சலாம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அதன் முதுகில் ஆளே இருக்காது. மற்றப் பெண்கள் கூடை குலுங்கச் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆளில்லாத குதிரைக்கும் சலாம் போடுற சென்மமாப் போயிட்டமே!"

"வாய் ஓடுற வேகத்துல கை ஓடட்டும் புள்ள" என்பார் கங்காணி.

ஒருநாள் அடைமழையில் அது வரவில்லை. அன்று எனக்குக் கொழுந்தில் கை ஓடவே இல்லை. எதற்காகத் திரும்பித் திரும்பிப் பாதையைப் பார்க்கிறேன் என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. மறுநாளிலிருந்து அதற்கென்று மடியில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் கேலி செய்திருப்பார்.

இப்படியே பல வருடம் ஓடியது. பிறகு அதன் பின்னங்கால்கள் விளங்காமல் போய்விட்டன. படுத்த இடத்தை விட்டு அதனால் எழ முடியவில்லை. ஆனால் தப்புச் சத்தம் கேட்டால் அதனால் படுத்திருக்கவும் முடியவில்லை. முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கும், விழும், மறுபடியும் எழப் பார்க்கும். முட்டி இரண்டும் கிழிந்து ரத்தம் கசியும். "இன்னிக்கு வேல இல்லடா, படு, படு" என்று அண்ணன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சுவார். அது நம்பாது. எனக்கு வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை, மலையிலும் இருப்புக் கொள்ளவில்லை. கொட்டகைக்கு ஓடுவேன், பார்க்க முடியாமல் திரும்பி வருவேன், வந்த கையோடு மறுபடியும் ஓடுவேன்.

ஒருநாள் மத்தியானம் அண்ணன் புதுத் துரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"காலையில துப்பாக்கியோட வாறாராம். அன்னைக்கு நாந்தான் வேணாம்னு குறுக்க நின்னேன். இன்னைக்கு நானே போய்க் கூப்புட்டுட்டு வந்திருக்கேன்" என்றவர், கொட்டகைப் பக்கம் திரும்பி, "நாளைக்கு ஒருநா தப்பு அடிக்காம இருந்தாத் தேவலை. கடைசி நாளாவது அது எந்திரிக்கப் பாக்காமக் கெடக்கட்டும்" என்றார்.

தப்படிப்பவர் வீட்டுக்கு ஓடினேன். "பெரட்டுக்கு ஆள் வராட்டி என்னையத்தானே வேலைய விட்டு நிப்பாட்டுவாங்க, தங்கச்சி?" என்று அவர் தயங்கினார். "ஆளுங்க வருவாங்க, அது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். இருட்டுவதற்குள் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன்.

விடிந்தது. தப்பு இல்லை. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் திறந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அழுத குழந்தையை ஒருத்தி மாராப்புக்குள் அணைத்துக்கொண்டு நடந்தாள். பெரட்டில் ஒரு ஆள் குறையவில்லை.

மலைக்குப் போனேன். கை பறித்தது கொழுந்தா முற்றிய இலையா என்று பார்க்கவில்லை. கீழே வெடிச்சத்தம் கேட்டதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து கங்காணி கூப்பிடவில்லை.

அண்ணன் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிக்கப் பாத்துச்சாண்ணே?"

"இல்ல தங்கச்சி. நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. தப்புச் சத்தம் கேக்கல பாரு, இன்னும் விடியலன்னு நெனச்சிருச்சு."