மூக்குக்கண்ணாடிக் கடையில் ஓர் அண்ணன்

என் தோழியின் வாழ்க்கையைச் சிக்கலாக்கியது ஒரே ஒரு சொல். அது கெட்ட வார்த்தைகூட இல்லை. 'அண்ணா', அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தின் முதல் மாடியில், சுவருக்குச் சுவர் வேலை பார்க்கிறோம். நான் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அவள் தன் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருப்பவள். உட்கார்ந்திருப்பவள் என்று சும்மா சொல்லவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்த வாரமே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இப்போது பத்தொன்பது வயது, இன்னும் எழுந்தபாடில்லை.

கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும் கடை. இரு பக்கமும் நிலைக்கண்ணாடி என்பதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு அவள் முகமேதான் தெரியும். வெளியே வரவேண்டுமென்றால் கவுன்டர் ஓரத்து மடக்குப் பலகையைத் தூக்க வேண்டும். தூக்கிக் கையை எடுத்தால் 'டொம்' என்று விழும். விழுந்த மறுநொடி பின்பக்கத் திரைக்குள்ளிருந்து "எங்கம்மா?" என்று குரல் வரும். அது அவள் அப்பா, இருட்டறையில் எழுத்துப் பலகை வைத்துக் கண் பரிசோதிப்பவர். கண்ணைப் பார்ப்பது தொழிலாக உள்ளவருக்குக் காது இவ்வளவு கூர்மையாக இருக்கக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

அவர் பொல்லாதவர் இல்லை. மனைவி போனபின் ஒற்றைப் பெண்ணைத் தனியாக வளர்த்தவர், பயந்தவர். அந்தப் பயத்தில் ஒரு விதி போட்டார். கடைக்கு வரும் ஆணின் தலை நரைத்திருந்தால் 'ஐயா', நரைக்காவிட்டால் 'அண்ணா'. கண்ணாடியை மாட்டி, காதோரம் வளைத்து, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று ஒரு சாண் தூரத்தில் முகம் பார்க்கிற தொழில் இது. அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எவனும் வாலாட்ட மாட்டான் என்பது அவர் கணக்கு.

அப்படித்தான் மேல்மாடியில் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவன் ஒருநாள் கடைக்குள் நுழைந்தபோது, இவள் லென்ஸ் துடைத்தபடி குனிந்த தலையோடு "வாங்கண்ணா" என்றாள். நிமிர்ந்து பார்த்தது அதற்கப்புறம். ஒரே ஒரு நொடி முன்னால் நிமிர்ந்திருக்கக் கூடாதா, மூதேவி.

அவன் கண்ணாடியில் ஸ்க்ரூ கழன்றிருந்தது. இறுக்கிக் கொடுத்தாள். அடுத்த வாரம் மறுபடி கழன்றது. அதற்கடுத்த வாரமும். "மறை கழண்டது கண்ணாடிக்கு இல்லடி" என்று சொல்லி, அவனுக்கு 'மறை' என்றே பெயர் வைத்தேன். நான்காவது முறை வந்தபோது அவள் உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறாள். ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல், அளவு பொருந்தாத ஏதோ ஒன்றால் திருகிய கீறல். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே என் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அவரே கழட்டிட்டு வர்றார்டி" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

ஏனென்றால் அண்ணாவை எப்படி இறக்கிவைப்பது? ஒருமுறை துணிந்து 'சார்' என்றாளாம்; அவன் முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு முறை எதுவும் சொல்லாமல் "இந்தாங்க" என்று மட்டும் நீட்டினாளாம். "அண்ணனுக்குத் துடைக்கிற துணி குடும்மா" என்றது திரைக்குள்ளிருந்த காது. கைபேசியில் பேசலாமே என்று கேட்காதீர்கள், அதுவும் அப்பாவின் மேசையில்தான் சார்ஜ் ஏறும். போதாக்குறைக்கு அவருக்கு அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. தங்கமான பையன், சாரெல்லாம் எதற்கு, அப்பா என்றே கூப்பிடு, இவளுக்கும் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று அவனிடமே சொல்லிவிட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

"என்னை உள்ள வெச்சு, பூட்டையும் என் வாயாலயே போடச் சொல்றார்டி" என்றாள். அவனிடம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை அவனே என் கடைக்குத் தலைவலி மாத்திரை கேட்டு வந்தான். சனிக்கிழமை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். நான் கேட்காமலே சொன்னான்: "நாலு தடவ போயிட்டேங்க. அண்ணா, இல்லன்னா சார்தான். அவங்க மனசுல அவ்வளவுதான்னா நான் என்ன பண்றது?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. உண்மை தொண்டை வரை வந்துவிட்டது, சத்தியம் வாயை அடைத்தது. அவளைப் பற்றித்தானே பேசக்கூடாது? அவள் அப்பாவைப் பற்றிப் பேசினேன். போகுமுன் பெரியவரிடம் சொல்லிக்கொள்வீர்கள் அல்லவா, அவரை என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

"அப்பான்னு கூப்பிடச் சொன்னார்."

"அவர் சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு என்னன்னு கூப்பிடணும்?"

மாத்திரையை எடுத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டான். சரியான மரமண்டை என்று திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பருந்துக்கு உள்ள பார்வை எனக்கு, இருந்தாலும் கண் பரிசோதனை என்று சொல்லி இருட்டறையில் போய் உட்கார்ந்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் வரியைப் படிக்கும்போது அவன் குரல் கேட்டது. பெரியவர் என்னை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் திரை இடுக்கு வழியே பார்த்தேன்.

அவன் ஊருக்குப் போவதாகச் சொன்னதும் பெரியவர் வருத்தப்பட்டார். புது ஊரில் யார் பார்ப்பார்கள் என்று அவன் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வாங்கி, தானே ஸ்க்ரூவை இறுக்கத் தொடங்கினார். கவுன்டருக்குள் இவள் விறைத்துப்போய் நின்றாள்.

"அப்பாவ மறந்துடாதப்பா" என்றார்.

"மறக்க மாட்டேன், மாமா" என்றான்.

ஸ்க்ரூடிரைவர் நின்றது. அப்பாவின் மகள் தங்கை ஆகிவிடுவாள், மாமாவின் மகள் ஆகமாட்டாள். இதைப் படிக்க எழுத்துப் பலகை வேண்டாம். பெரியவர் அவனைப் பார்த்தார். பிறகு சுவர்க் கண்ணாடியில் தெரிந்த மகளைப் பார்த்தார். இறுக்கி முடித்து, அதை அவளிடம் நீட்டி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "இந்தாம்மா. அண்ணனுக்கு மாட்டிப் பாரு."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு ஏதுப்பா அண்ணன்? நான் ஒத்தப் பொண்ணுதானே."

சொல்லிவிட்டு அவன் முகத்தில் கண்ணாடியை மாட்டி, இரண்டு காதோரமும் சரிபார்த்தாள். அவ்வளவு நேரம் சரிபார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

பெரியவர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். என் வாய்க்கு வந்ததைப் படித்தேன், அவர் திருத்தவே இல்லை. வெளியே பலகை 'டொம்' என்று விழுந்தது.

"எங்கம்மா?" என்றார். பழக்கம்தான், ஆனால் குரலில் வழக்கமான பலம் இல்லை.

"மாடிப்படி வரைக்கும்ப்பா. வழியனுப்பிட்டு வர்றேன்."

இருட்டில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. திரைப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னார்.

"பலகைய மெதுவா போடு, உடைஞ்சிடப் போகுது. இனிமே அடிக்கடி தூக்குவ போல."