மாமாவுக்குத் தேவைப்பட்ட ஏழு யார்ட்

அன்று டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ மைதானத்துக்கு வந்திருந்தவர்கள் அம்மா, பெரியம்மா, நான். அப்பா வரவில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு மேலதிக வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். "கலியாணம் கிட்டக் கிடக்கு. மாப்பிள்ளை கால் முறிஞ்சு நிண்டா லண்டன்காரருக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்பது அவருடைய கேள்வி. மாப்பிள்ளை என்றது என் மாமாவை, அம்மாவின் தம்பியை; லண்டன்காரர் என்றது பெண் வீட்டாரை.

மாமா பகலில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். மாலையில் எங்கள் ஊர்க் கழகத்துக்காக அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடினார். இரண்டு முனையும் கூரான தோல்பந்து. பின்னால் நிற்கும் ஒருவர் எறிவார்; மாமா ஓடிப்போய்ப் பிடிப்பார். ஒவ்வொரு தடவையும் பந்து கிளம்பும் கோட்டிலிருந்து, பிடித்தவர் பந்தோடு எவ்வளவு தூரம் முன்னேறுகிறாரோ அத்தனை யார்ட் அவர் பெயரில் சேரும். வருடக்கணக்காகச் சேரும். அந்தக் கழகத்தில் ஆகக் கூடிய தூரம் ஒரு நரைத்தாடிக்காரர் பெயரில் இருந்தது. விளையாட்டை விட்டு வெகுகாலமாகியும் அவர் ஒவ்வொரு போட்டிக்கும் வந்து, பந்து கிடக்கும் இடத்தைக் காட்டும் கம்பைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நிற்பார். மாமா அவரை நெருங்கிவிட்டார். கலியாணம் முடிய லண்டனிலேயே இருக்கப் போகிறார் என்பதால் இதுதான் கடைசிப் போட்டி.

எங்களுக்கு மாமா ஒரே ஒரு விதியைச் சொல்லியிருந்தார். மற்றக் கழகத்திடம் பந்து இருக்கும்போது கத்தலாம். எங்களிடம் இருக்கும்போது மூச்சுக் காட்டக்கூடாது. எறிபவர் சொல்வது மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும்.

"இதென்ன கூத்து? மற்றவனுக்குக் கத்தோணும், எங்கட பிள்ளைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருக்கோணுமோ?" என்றார் பெரியம்மா. அவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பலகாரம் என்று நினைத்தேன்.

ஆட்டம் முழுவதும் மேற்குக் காற்று. பந்து பாதி வழியில் மனம் மாறி வேறெங்கோ போய் விழுந்தது. எறிபவரின் மனைவி எங்களுக்குப் பக்கத்தில் இருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் அவர் குனிந்து, நரைத்தாடிக்காரரைத் தாண்ட உன் மாமாவுக்கு இன்னும் ஏழு யார்ட் வேண்டும் என்று டேனிஷில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"யார்ட் எண்டா, சட்டைத்துணி அளக்கிற யார்டோ?" என்று அம்மா கேட்டார். ஓம் என்றேன். "ஏழு யார்ட் ஒரு பெரிய காரியமே?"

பெரிய காரியம்தான். எல்லைக் கோட்டுக்கு மிச்சம் மூன்று யார்ட்தான் இருந்தது. அதைத் தாண்டிப் பிடித்தாலும் மூன்றுதான் சேரும். எங்கள் கழகம் நான்கு புள்ளி பின்னால் நின்றது. மாமா இந்தப் பந்தைப் பிடித்தால் கழகம் வெல்லும், ஆட்டமும் முடியும், அவர் கணக்கு நான்கு யார்ட் குறைவாக நின்றுவிடும். இதையும் சொன்னேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

எங்கள் ஆட்கள் குனிந்து நின்றார்கள். மைதானமே மூச்சுக் காட்டவில்லை. அப்போதுதான் பெரியம்மா பையைத் திறந்தார். உள்ளே இருந்தது, கோயில் பூசைக்கு அடிக்கும் வெண்கலச் சேமக்கலம். ஒரே ஒரு அடி. எங்கள் கழகத்தின் முன்வரிசையில் குனிந்து நின்ற ஒரு மலை போன்ற மனிதர் திடுக்கிட்டு எழும்பிவிட்டார். நடுவர் விசில் ஊதி, நேரத்துக்கு முன் அசைந்த குற்றத்துக்கு எங்கள் கழகத்தை ஐந்து யார்ட் பின்னால் தள்ளினார். தலைக்கவசங்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின.

"உங்களை ஆர் அக்கா உதைக் கொண்டுவரச் சொன்னது?" என்று அம்மா பல்லைக் கடித்தார். பெரியம்மா சேமக்கலத்தைச் சேலைத் தலைப்பால் மூடினார்.

நரைத்தாடிக்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு ஐந்து யார்ட் பின்னால் நடந்தார். நடந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பாவம், நிலைமை விளங்காத மனிதர் என்று நினைத்தேன்.

அடுத்த பந்து காற்றில் ஆடிக்கொண்டு வந்தது. மாமா எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஓடி, உடம்பை முழுக்க நீட்டி, விரல் நுனியில் அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்து விழுந்தார். ஒரு மனித உடம்பு அவ்வளவு நீளும் என்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை. இன்றும் மறக்கவில்லை. கணக்குப் பார்த்த பெண் எழுந்து நின்று, எட்டு, எட்டு என்று அழுதார்.

நரைத்தாடிக்காரர் நேரே பெரியம்மாவிடம் வந்தார். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, சேமக்கலத்தை வாங்கித் தானும் ஒரு அடி அடித்தார். தோற்றவர் ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். ஒடென்சேயில் எனக்கு எண்களோடுதான் படிப்பு. மாமா பெயரில் சேர்ந்த அந்த யார்ட் எண்ணின் பெருமையை அன்று முழுதாக அவர் கைகளுக்கே கொடுத்திருந்தேன். பெரிய நகரமான ஓகூஸின் கழகம் கூப்பிட்டும் போகாமல் மாமாவுக்கே பந்து எறிந்துகொண்டிருந்த அந்த மின்வேலைக்காரரும் அந்த எண்ணில் இருந்தார். காற்று வழிவிட்ட நாட்களும் விடாத நாட்களும் இருந்தன. தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக லண்டனுக்குப் போனபோது மாமா போகாமல் நின்ற வருடங்கள் இருந்தன. நரைத்தாடிக்காரரின் எண்ணும் இப்படித்தான் சேர்ந்திருக்கும். அதனால்தான் கம்போடு நடந்தபோதே, எங்கள் எல்லோருக்கும் முதல், மூன்றோடு ஐந்தைக் கூட்டிப் பார்த்துவிட்டார்.

அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு வந்தார். நாங்கள் வெளியே போய்வந்தால் அவர் முதலில் கேட்பது செலவுக் கணக்கு ஒன்றுதான்.

"எவ்வளவு முடிஞ்சுது?"

அம்மா சோற்றைப் போட்டபடி சொன்னார்: "அஞ்சு யார்ட்."