குப்பைக்குப் போன வலி மாத்திரை

முதுகெலும்பு தேய்ந்ததிலிருந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை நம்பித்தான் மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தையல் வேலைக்குப் போய்வந்தேன். ஒருநாள் டிவி செய்தியில் அதே மாத்திரையைக் காட்டி, பையன்கள் போதைக்குப் போடுகிறார்கள் என்றார்கள். என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "இன்னாமே, இதையா நீ முழுங்கிகினு கீறே?" என்று இருந்த அட்டையெல்லாம் குப்பையில் போட்டார். எனக்கும் பயம்தான். தடுக்கவில்லை.

மறுநாளே வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, வயிற்றுப்போக்கு வேறு. விஷக்காய்ச்சல் என்று நினைத்து நிலவேம்புக் கஷாயமாகக் காய்ச்சிக் கொடுத்தார். கசப்பைக் குடித்ததுதான் மிச்சம். மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் ஓடினோம்.

"உடம்பு மாத்திரைக்குப் பழகிடுச்சும்மா. திடீர்னு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்றார் அவர்.

இப்போது மாத்திரை வீட்டுக்காரர் பொறுப்பில் இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவைத்தான் தருகிறார். மிச்ச வலியை வெந்நீர்ப் பையோடு தாங்கிக்கொள்கிறேன். இன்னொன்று கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அடக்கிக்கொள்கிறேன். கேட்கச் சொல்வது முதுகு வலியா, அந்த மாத்திரையா என்று எனக்கே தெரியவில்லை.