நாற்காலியில் வைத்த தண்ணீர்

சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சீக்கிரம் மறந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீடோ பேருந்தோ, எந்த இடம் என்று பார்க்காமல் சண்டைக்குப் போய்விடுவேன். கொரோனாக் கோடையில் என் தங்கையைப் பார்த்திருந்தால் அவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. இப்போது அவள் பெரிய வாயாடி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காது வலிக்கிற வரை பேசுவாள். அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் காலையில் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா பிழைத்து வர வேண்டும், இவள் வாயைத் திறக்க வேண்டும். அந்தக் கோடையில் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

எங்கள் வீடு கோட்டுச்சேரியில், கடைத்தெருவிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் இருக்கிறது. அப்பா காரைக்கால் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். ஊரே அடைந்து கிடந்தபோதும் மருந்துக்கடை திறந்திருந்ததால், அவர் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தார். இரண்டாவது அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு வாங்கியது. படுக்கையிலிருந்து வாசல் வரை நடப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆம்புலன்ஸ் சங்கு ஊதாமல் வந்து நின்றது. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். முகம் தெரியவில்லை, ஆணா பெண்ணா என்றே குரல் வந்த பிறகுதான் தெரிந்தது. எங்களை அறைக்குள் இருக்கச் சொல்லியிருந்தார்கள். நானும் தங்கையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அப்பா குனிந்து செருப்பை மாட்டினார். அப்போதுதான் இவள் கேட்டாள்.

"எங்கப்பா போறீங்க?"

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பார்கள். தவறிக் கேட்டுவிட்டால் அதற்கு மாற்றும் உண்டு. போகிறவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அம்மா இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"சனியனே, போறப்ப எங்கன்னு கேக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" என்று வாசப்படியில் நின்றபடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். பிறகு அப்பாவிடம், "ஏங்க, செத்த உள்ள வந்து உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

"நேரமில்லம்மா. நீங்க உள்ள போயி கதவச் சாத்துங்க" என்றது வெள்ளை உடுப்பு.

அப்பா இருமலுக்கு நடுவில் சிரித்தார். "விடு, வந்து குடிச்சிக்கிறேன்" என்றார். வண்டிக் கதவு மூடியது.

செத்த நேரம் என்றால் எங்கள் ஊரில் கொஞ்ச நேரம். பொழுது விடிந்தால் பொழுது போனால் அதைச் சொல்லிக்கொண்டிருப்போம். அதற்குப் பிறகு அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை.

தெருமுனையில் சவுக்குக் கம்பு கட்டி அடைத்தார்கள். வாசலில் பிளீச்சிங் பவுடரைத் தூவினார்கள்; சந்து முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அதில் நாய்க் கால்தடம் தவிர வேறு தடமே விழவில்லை. பால் பாக்கெட்டைக் கம்புக்கு வெளியே வைத்துவிட்டு, கூப்பிடாமலே போய்விடுவார்கள். எதிர் வீட்டில் டிவி மட்டும் பகல் முழுக்கப் பேசும், மனுசக் குரல் கேட்காது. பட்டப்பகலில் வாசலில் நின்றால் எனக்கு முதுகு சில்லிடும். பார்க்க ஒரு ஆள்கூட இருக்காது. ஆனால் எல்லா வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலும் ஆள் நிற்பது தெரியும்.

இதற்குள் தங்கை பேச்சை விட்டுவிட்டாள். முதலில் நாங்கள் கவனிக்கவே இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில், நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு உண்டா இல்லையா என்ற குழப்பத்தில். அவள் பசித்தால் தட்டைக் காட்டினாள். வேண்டாமென்றால் தலையை ஆட்டினாள். செல்போன் வகுப்பில் மிஸ் வருகைக்குக் கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. திரையில் பிள்ளைகள் முகம் இல்லை, கறுப்புக் கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டமாக "யெஸ் மிஸ்" என்று குரல் கொடுத்தது. இவள் முறை வந்தது.

"மைக்க ஆன் பண்ணும்மா" என்றார் மிஸ். "மைக் ஆன் பண்ணு கண்ணு."

மைக் ஆனில்தான் இருந்தது. எங்கள் வீட்டு ஃபேன் கிரீச்சிடுவது அந்தப் பக்கம் கேட்டது. என் தங்கை திரையைப் பார்த்தபடி, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஸ் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

கொஞ்சினேன், மிரட்டினேன், கிச்சுக்கிச்சு மூட்டினேன். கிச்சுக்கிச்சுக்குக்கூட அவளுக்குச் சத்தமில்லாமல் வயிறு மட்டும்தான் குலுங்கியது. அதைப் பார்த்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. போகப்போக நானும் அம்மாவும்கூடக் குசுகுசுவென்றே பேச ஆரம்பித்தோம், யாரோ தூங்குகிற வீடு மாதிரி.

ஒரு மத்தியானம் கூடத்தில், அப்பா உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதில் பாதித் தண்ணீர். அம்மா வைத்தாள் என்று நினைத்து எடுத்துக் கொட்டினேன். மறுநாளும் அதே இடத்தில், அதே பாதித் தண்ணீர். இம்முறை அதைப் பார்த்தது அம்மா. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஏண்டி, நீயா வச்ச?"

"நான் ஏம்மா வைக்கிறேன்? நீதான்னுல்ல நெனச்சேன்."

இரண்டு பேரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாசல் கதவு தாழிட்டிருந்தது. வெளி ஆள் வர வழியில்லை. வைத்தவள் கண்ணெதிரே பாயில் படுத்திருந்தாள், நாங்கள்தான் தூங்குகிறாள் என்று நம்பினோம். எங்கள் வீடுகளில் இறந்தவர்களுக்குத்தான் அப்படித் தண்ணீர் வைப்போம். விளக்கை ஏற்றி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், தாகத்தோடு வருகிற உயிர் குடித்துப் போகட்டும் என்று. காலையில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. இதில் பாதி குறைந்திருந்தது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்த்தேன். அப்பா இருக்கிறார், ஆக்சிஜன் வைத்திருக்கிறோம் என்றார்கள்.

அதற்கடுத்த நாள் தங்கை கையும் களவுமாகப் பிடிபட்டாள். டம்ளர் தளும்பாமல், அடிமேல் அடி வைத்து நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மா பாய்ந்து போய் முதுகில் ஒன்று வைத்தாள்.

"உசுரோட இருக்குற மனுசனுக்குத் தண்ணி வக்கிறியாடி? உங்கப்பன் உசுரோடதான்டி இருக்காரு!"

தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது. தங்கை அழவில்லை. அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், திரும்ப உதட்டை மடித்துக்கொண்டாள். அடித்த கையாலேயே அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குமேல் டம்ளர் வரவில்லை.

பிறகு ஒரு காலையில் குரும்பகரத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். அப்பா போய்விட்டார். எங்களால் போக முடியாது, உடம்பு வீட்டுக்கு வராது, தூரத்தில் நின்று பார்க்கத் தனக்கு மட்டும் அனுமதி என்றார். "சின்னதுக்கு இப்ப சொல்லாதீங்க. ஏற்கெனவே பேச மாட்டேங்குது, பச்சப்புள்ள தாங்காது" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆனாலும் அம்மா முகத்தைப் பார்த்து அடங்கிப்போனேன்.

அப்படி ஒரு சாவு வீட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பந்தல் இல்லை, மாலை இல்லை, மாரடித்து அழ ஒரு பெண் இல்லை. வழக்கம்போலச் சோறு பொங்கினோம். அம்மா கொல்லையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தங்கைக்குத் தலை பின்னினாள். தங்கை கண்ணாடியில் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம், சித்தப்பா எல்லாம் முடிந்தது என்று சொன்ன பிறகு, அம்மா காமாட்சி விளக்கை ஏற்றினாள். கூடத்தில் அப்பாவின் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, விளக்கைக் கீழே வைத்தாள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு நாற்காலியின் மேல் வைத்தாள். அறைக்குள் படம் வரைந்துகொண்டிருந்த தங்கை அப்போது வெளியே வந்தாள்.

டம்ளரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"நீயே வச்சிட்டியாம்மா?"

அந்தக் குரல் கரகரவென்று, அவளுடையது மாதிரியே இல்லை. அவள் நிறுத்தாமல் பேசினாள்.

"அன்னைக்கி நான் எங்கன்னு கேட்டுட்டேன்ல, அப்பா தண்ணி குடிக்காமயே போயிட்டாங்க. அதான் அப்பா சேர்ல உக்காந்து அப்பாவுக்குப் பதிலா நான் குடிச்சேன். முழுசா குடிக்க முடியலம்மா, பாதிதான் குடிச்சேன். பேசுனா மறுபடி எதாச்சும் கேட்டுருவேன்னு பேசவே இல்ல. நீ அடிச்சோன்னதான் தப்பாப் பண்றேன் போலன்னு விட்டுட்டேன். இப்ப நீயே வச்சிட்ட. இனிமே அப்பா வந்துருவாங்கல்ல?"

எத்தனை நாளாக அந்தப் பிஞ்சு இதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது! அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கு அவள்மேல் கோபம், சித்தப்பாமேல் கோபம், அந்த வெள்ளை உடுப்புக்காரர்மேல் கோபம். ஒரு வாய் தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தங்கைக்கு முன்னால் மண்டிபோட்டு, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பா, அப்பா வர மாட்டாங்க. அப்பா செத்துப்போயிட்டாங்க. நீ கேட்டதால இல்ல. காய்ச்சல்ல செத்துப்போயிட்டாங்க. தண்ணி குடிச்சிட்டுப் போயிருந்தாலும் இப்பிடித்தான் ஆயிருக்கும். நீ எதுவும் பண்ணல. கேக்குதா? நீ எதுவுமே பண்ணல."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளக்கைப் பார்த்தாள். பிறகு கத்தினாள். அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது. இவள் வாயைத் திறக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமியில்லை. ஆனால் அவள் திறந்தபோது, பழகிப்போன பயத்தில், சந்துக்குக் கேட்டுவிடும் என்று, அவள் வாயைப் பொத்திவிட்டேன்.

அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கைய எடுடி. எம்புள்ள கத்தட்டும்."

பிறகு தரையில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு, அம்மாவும் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தாள்.