ஓரகத்தியின் வயிற்று ஆபரேஷன்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எம்.ரெட்டியபட்டியில் நானும் என் ஓரகத்தியும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. அந்தக் கோடையில் மதுரையில் வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டு வந்து இறங்கினாள். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாதாம். அவள் வீட்டுக்காரரே சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு அடிபம்புக்கு வந்தார். பொம்பளைகள் வரிசையில் ஓர் ஆம்பளை! எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது.

எரியக் காரணம் இருந்தது. மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. பம்பை அமுக்கும்போதெல்லாம் கீழே சரிந்து வெளியே தட்டுப்படும். இருமினால் சேலை நனையும். பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் பருத்தி எடுக்கப் போவேன். கல்யாண வீடு கிடையாது, பஸ் பயணம் கிடையாது. கட்டிய கணவரிடம்கூட மூச்சு விட்டதில்லை. இதையெல்லாம் போய் எப்படிச் சொல்வது?

அவளோ நாளுக்கு நாள் தெளிந்து வந்தாள். திருச்சுழி கோயிலுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தாள். அவள் தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். நானோ தும்மல் வந்தால் காலை இடுக்கிக்கொண்டு சுவரைப் பிடிக்கிறவள். சாமி சத்தியமாக, அந்தத் தும்மல் மேல்கூட எனக்குப் பொறாமை.

ஒருநாள் பொறுக்க முடியாமல், தண்ணீர்க் குடத்தை அவள் வாசலில் நங்கென்று வைத்தேன்.

"ஒங்களுக்கென்னக்கா, மகராசி! புருசன் தண்ணி சுமக்காக. எங்களுக்கெல்லாம் வயிறே இல்லையா?"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏத்தா, ஒனக்கும் எறங்குதா? பம்பு அடிக்கையில நீ நிக்கிற நெலையப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கும் அதுக்குத்தான் ஆபரேசன். வயிறுன்னது ஊருக்காக."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீ மட்டும் சொன்னியாக்கும்?" என்றாள்.

அன்றைக்கே அவள் தன் வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் என் கணவரிடம் சொன்னார். கணவர் உடனே பணம் புரட்டக் கிளம்பிவிட்டார். மதுரைக்குத் துணைக்கு வந்தவளும் அவள்தான். இத்தனை வருஷம் ஏன் சுமந்தாய் என்று டாக்டரம்மா என்னைத் திட்டினார். கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த தசைகளைத் தைத்துச் சரிசெய்தார்.

ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவளிடம் கேட்டேன்: "ஒங்க வீட்டுக்காரருகிட்ட மொதமொதல்ல இத எப்படிக்கா சொன்னீக?"

"எப்படியா? வலிக்குதுன்னு சொன்னேன். வேறென்ன?"

என் உடம்பும் அவளைப் போலவே தேறிவிட்டது. ஆனால் என் வலியைக்கூட அவள்தானே சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாய் எனக்கு வாய்க்கவில்லையே என்று இன்றைக்கும் அவள் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.