நியூ கிராப்லியில் ஓர் ஆறங்குல ஓட்டை

முறுக்கு பிழிவது விசாலாக்ஷி, குடை பிடிப்பது நஞ்சுண்டன். நவம்பர் தூறல். வீட்டுக்குப் பின்னால் மர டெக்கில், நைட்டிக்கு மேல் பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு அவள் பிழிய, எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொட்டு விழுந்தாலும் அவர்தான் பொறுப்பு.

"நேராப் பிடிங்க. ஊர் மீட்டிங்ல மட்டும் எல்லாம் நேரா இருக்கணும் உங்களுக்கு."

உள்ளே பொரித்தால் புகை அலாரம் கத்தும். பக்கத்து ஊரான பார்சிப்பனியில் இருக்கும் சிநேகிதிகளைப் போல கராஜில் ஓர் அடுப்பும் புகைக்குழாயும் வைத்துக்கொள்ளலாம் என்றால், இவர்களுடைய கராஜ் 1791-ல் குதிரை லாயமாக இருந்து தொலைத்தது. அதன் கல்சுவரில் ஆறங்குலத்துக்கு ஓட்டை போட, டவுன்ஷிப்பின் பழங்கட்டடக் குழு அனுமதிக்க வேண்டும். குழுவின் தலைவர் அப்போது குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூர்க்காரரான நஞ்சுண்டன், அமெரிக்காவுக்கு வந்து மருந்துக் கம்பெனியில் முப்பது வருஷம் புள்ளிவிவரம் பார்த்தவர். ரிட்டையரான மூன்றாம் வாரமே ஃப்ரிட்ஜில் இருக்கும் டப்பாக்களுக்கெல்லாம் தேதி போட்டு லேபிள் ஒட்ட ஆரம்பித்துவிட்டார். "வெளியில எங்கயாவது போய் அதிகாரம் பண்ணுங்க" என்று விசாலாக்ஷி விரட்டியதில்தான் குழுவில் சேர்ந்தார். சம்பளம் கிடையாது, அதனால் போட்டியும் கிடையாது.

ஊரின் பழைய பதிவேடுகளை அங்கேயே பிறந்தவர்கள்கூடப் படித்ததில்லை. இவர் படித்தார். இங்கிலாந்தின் கிராப்லி கிராமத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிக்குள் வேலிச் சண்டை. தம்பி ஓடையைத் தாண்டி வந்து, பழைய பெயருக்கு முன்னால் 'நியூ' போட்டுக்கொண்டதுதான் ஊர். பன்றிகளைத் தெருவில் விடக் கூடாது என்பது ஊர்க்கூட்டத்தின் முதல் தீர்மானம். அதைக் கொண்டுவந்தவருடைய பன்றியைப் பிடித்து அடைப்பது இரண்டாவது. நஞ்சுண்டன் சொக்கிப்போனார். நான்கு வருஷத்தில் தலைவராகி, தானும் ஒரு விதி எழுதினார்: மனு போட்டவரிடமிருந்து உறுப்பினர்கள் தின்பண்டம்கூட வாங்கக் கூடாது.

விசாலாக்ஷி மனு போட்டாள். ஒரு காரியம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்பதா? மற்ற நான்கு உறுப்பினர்களுக்கும் நான்கு டப்பா கட்டினாள்.

"தீபாவளி இப்பத்தானே முடிஞ்சுது. கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

அவரும் காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

செவ்வாய்க்கிழமை கூட்டம். மனுதாரரின் கணவர் என்பதால் நஞ்சுண்டன் எழுந்து வந்து பின்வரிசையில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். குழுவின் வக்கீலம்மா வழக்கம்போல அந்தத் தின்பண்ட விதியை வாசித்தார். உறுப்பினர்களில் ஒருத்தியான மார்த்தா கையைத் தூக்கினாள். "நான் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு டப்பா வந்தது. மிக நன்றாக இருந்தது."

"எனக்கும்தான்" என்றார் பாப். "டப்பா காலி."

மூன்றாமவரும் தலைகுனிந்தார். நான்காமவர் விட்லாக்குக்குப் பல்செட். கடிக்க முடியாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாராம். ஊரில் கைசுத்தமான ஒரே மனிதர். டப்பா வாங்கிய மூவரும் இந்த மனுவில் வாக்களிக்க முடியாது; ஆனால் முடிவெடுக்க மூன்று பேர் வேண்டும். புது உறுப்பினர்கள் வரும்வரை, அதாவது இரண்டு வருஷத்துக்கு, மனு ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் காலை, சமையலறையில் விசாலாக்ஷி தோசையை அவர் தட்டில் போட்டாள்.

"அந்த ரூலை எழுதினது யாரு?"

"நான்தான்."

"டப்பாவைக் கொண்டுபோய்க் குடுத்தது?"

"நீ சொன்னே, குடுத்தேன்."

"நான் சொன்னா கேக்கற ஆளா நீங்க? முப்பத்தஞ்சு வருஷத்துல இது ஒண்ணைத்தான் மறுபேச்சு இல்லாம செஞ்சிருக்கீங்க. குடுக்கும்போது ரூல் ஞாபகம் இருந்துச்சா, இல்லையா?"

மார்த்தா வீட்டு அழைப்புமணியில் விரலை வைத்தபோது அது ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. கூடவே அந்த லாயத்துக் கல்சுவரும். இருநூற்றுச் சொச்சம் வருஷமாக ஓர் ஓட்டை இல்லாமல் நிற்கிற சுவர்.

நஞ்சுண்டன் தோசையைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

விசாலாக்ஷி பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே மறுபடியும் தூறல். பனிக்கோட்டை மாட்டிக்கொண்டாள். ஒரு கையில் எண்ணெய்ச் சட்டி. குடையையும் தானே எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்கதவைத் திறந்து வெளியே போனாள்.