அர்த்தநாரியும் ஷட்டரில் விட்ட எண்ணெயும்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் 1991ஆம் ஆண்டுக்குரிய பக்கத்தில் என் தந்தையார் எழுதிவைத்த வரி இது: "கலைமணி திருமணம், ஐப்பசி 28, வெண்ணந்தூர். படங்கள் கிடைக்கவில்லை. படம் பிடித்தவன் குடித்திருந்தான்." அந்த வரியில் பெயர் குறிக்கப்படாத மனிதர் அர்த்தநாரி. அவர் அன்று குடித்திருக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை. இது உறுதியாகத் தெரிய எனக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

அர்த்தநாரி 1967இல் ராசிபுரத்தில், எங்களைப்போலவே ஒரு தறிக்காரர் வீட்டில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடித்து, வெங்கடாசலம் என்பவரின் ஸ்டுடியோவில் சேர்ந்தார். ஆறே ஆண்டுகளில் திருமண வேலைகளைத் தனியாக எடுத்து முடிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். என் அக்காள் கலைமணியின் திருமணத்துக்கு ஸ்டுடியோவின் இரட்டை லென்ஸ் கேமராவோடு அவர்தான் வந்தார். அன்று, நவம்பர் 14, விடியலிலிருந்தே மழை. முகூர்த்தத்துக்கு முன்பே ஷட்டரின் ஓசை அவருக்குப் பிடிக்கவில்லை. வெட்டினாற்போல் கேட்க வேண்டிய ஓசை இழுத்துக்கொண்டு வந்தது. பந்தலில் இருந்த வெங்கடாசலத்திடம் போய்ச் சொன்னார்.

"மழைக் குளுருக்கு அப்பிடித்தான்டா இருக்கும். நேரமாகுது, போயி எடு" என்றார் முதலாளி.

எட்டுச் சுருள், தொண்ணூற்றாறு படங்கள். கழுவிப் பார்த்தபோது ஆறு மட்டுமே தேறின. மற்றவற்றில் முகங்கள் வெளுத்துப்போய், அசைந்ததெல்லாம் புகைபோல் இழுபட்டிருந்தது. தாலி கட்டும் கை ஐந்தாறு கைகளாகத் தெரிந்தது.

நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் மறுவிருந்து. ஏறத்தாழ முந்நூறு பேர். ஆல்பத்தைப் பார்க்கக் காத்திருந்தவர்களிடையே வெங்கடாசலம் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"எல்லாரும் மன்னிக்கோணும். பையன் குடிச்சுப்போட்டு எடுத்திருக்கறான். கை நெலையா நிக்கல. நாளையிலிருந்து அவன் என்ற கடையில இல்லீங்க."

அர்த்தநாரி பந்தியில் உட்கார்ந்திருந்தார். என் தந்தையார் அவரைப் பாதிச் சாப்பாட்டில் இலையிலிருந்து எழுப்பி அனுப்பினார். எனக்கு அப்போது வயது பதினேழு. தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கையைக் கழுவக்கூட இல்லை. வெங்கடாசலத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்து போனார். அந்த வாரமே, வெண்ணந்தூரில் அவருக்குப் பேசி முடித்திருந்த பெண்வீட்டார் நிச்சயத் தட்டு மாற்ற வர இயலாது என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டனர்.

அவர் சேலத்துக்குப் போனார். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிகளின் தராசுகளைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் சேர்ந்து, சுருள்வில்லும் பல்சக்கரமும் பழகினார். பின்னர் கேமராக்களுக்கு மாறினார். ஒரு புளி மண்டியின் மாடியில், பத்தடி அறையில் அவருடைய கடை இன்றும் நடக்கிறது. ஃபிலிம் கேமராமீது புதிதாக ஆசை கொண்ட இளைஞர்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூரியரில் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள். முப்பத்தெட்டாம் வயதில் மலர்விழியை மணந்துகொண்டார். அந்தத் திருமணத்தில் படம் எடுக்க அவர் யாரையும் அனுமதிக்கவில்லை.

தொழில்மீது உள்ள பற்றால் கற்றதாக யாரேனும் புகழ்ந்தால் அவருக்குப் பிடிக்காது. "பற்றாவது, பாசமாவது! அந்த ஷட்டரு அன்னிக்கு ஏன் நின்னுச்சுனு எனக்குத் தெரியோணும். அதுக்குத்தானுங்க படிச்சேன்" என்பார். ராசிபுரத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் எவராயினும், அந்தக் கேமரா இன்னும் இருக்கிறதா என்று கேட்காமல் விடமாட்டார். ஒரு மழைக்காலத்தில் வெங்கடாசலத்தின் ஸ்டுடியோவுக்குள் சாக்கடை நீர் புகுந்தது என்று கேள்விப்பட்ட அன்று, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். இதை மலர்விழியே என்னிடம் சொன்னார்.

என் தந்தையார் மறைந்தபின் பதிவேடு என் பொறுப்புக்கு வந்தது. 2009இல் அர்த்தநாரி என்னைத் தேடி வந்து அந்த வரியை அடிக்கும்படி கேட்டார். சான்றின்றி அடிக்க இயலாது என்றேன். "கொண்டாந்து வெக்கறேனுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிப் போனார்.

2024 ஜூலையில் அந்தக் கேமரா தானாகவே அவருடைய மாடிப்படி ஏறி வந்தது. கொண்டுவந்தவர் வெங்கடாசலத்தின் மகன் சிவக்குமார். தந்தைக்கு எழுபத்தெட்டு வயது. ஆகஸ்ட் 18 அன்று ராசிபுரத்து மண்டபமொன்றில் புகைப்படக்காரர்கள் கூடி அவரைப் பாராட்டவிருந்தனர். மேடையில் அவர் தம் பழைய கேமராவால் ஒரு படம் எடுக்க வேண்டும். ஷட்டரோ ஒட்டிக்கொண்டு திறக்கவே மறுத்தது. எதிரில் இருப்பவர் யார் என்று சிவக்குமாருக்குத் தெரியாது.

"இதை வேற யாரு பாத்திருக்காங்க?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"அப்பா யாரையும் தொடவே விடமாட்டாருங்க. அவருக்குத் தெரியாமத்தான் கொண்டாந்திருக்கறேன். ஆயுத பூஜைக்குத் தறிக்கு எண்ணெய் விடறாப்பல இதுக்கும் வருசா வருசம் அவரு கையால ஒரு சொட்டு உள்ள விட்டு, பொட்டு வெச்சுக் கும்புடுவாருங்க. நடுவுல நிறுத்தியிருந்தாரு, கேமரா ஓட்டத்துல இல்லாம பூஜைக்குன்னு ஆனப்பறம் மறுபடி விடறாரு. அம்புட்டு பக்தி!"

தறிவீட்டில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். ஆயுத பூஜையன்று வீட்டில் அசையும் பொருள் எதுவாயினும் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் உண்டு. தறிக்கும் உண்டு, சைக்கிளுக்கும் உண்டு, கிணற்று ராட்டினத்துக்கும் உண்டு. ஆனால் கேமரா ஷட்டரின் மெல்லிய இதழ்கள் உலர்ந்தே இருக்க வேண்டியவை. எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டும்; குளிரில் எண்ணெய் இறுகும்போது மூட மறுத்துத் திறந்தே நிற்கும். அந்த ஆண்டு ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில்தான் எங்கள் வீட்டுத் திருமணம் நடந்தது.

அர்த்தநாரி அன்றே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் போய்ச் சேரும்வரை கேமராவைத் திறக்கவில்லை. முன்தகட்டைக் கழற்றி, லென்ஸைத் திருகி எடுத்தார். இதழ்களின்மேல் பழுப்பு நிறத்தில் பிசின்போல் எண்ணெய் படிந்திருந்தது. என் விரலைப் பிடித்துத் தொடவைத்தார். "மோந்து பாருங்க. எந்த எண்ணெய்னு தறிக்காரரு ஊட்டுப் பையனுக்கு நாஞ் சொல்லோணுமா?" தறி எண்ணெய்தான்.

பிறகு உள்வளையத்தைத் துடைத்தார். பழுது பார்த்தவர்கள் தேதியைக் கீறிவைக்கும் இடம் அது. ஊசியால் கீறிய எழுத்து தெரிந்தது: "வெ. 19-11-91."

அவர் விரல்விட்டு நாள்களை எண்ணினார். திருமணத்துக்கு ஐந்து நாள் கழித்து வெங்கடாசலமே ஷட்டரைப் பிரித்துத் துடைத்திருக்கிறார்; தம் எண்ணெயால் வந்த கேடு என்று கண்டிருக்கிறார். அதற்கும் ஐந்து நாள் கழித்துத்தான் எங்கள் வீட்டு விருந்தில் வந்து நின்று அந்தச் சொல்லைச் சொன்னார். பதிவேட்டில் ஒட்டியிருந்த ஸ்டுடியோ ரசீதின் கையெழுத்தோடு அந்த 'வெ'யை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐயத்துக்கு இடமில்லை. தந்தையாரின் எழுத்தை அழிக்க எனக்கு உரிமையில்லாததால், அதன் கீழே தேதியிட்டுத் திருத்தம் எழுதி, அர்த்தநாரியிடம் காட்டினேன்.

"சந்தோசமுங்க. ஆனா இந்த நோட்டை நாலு பேரு பாப்பாங்க. அன்னிக்கு அவன் சொன்னதை முந்நூறு பேரு கேட்டாங்க" என்றார்.

அவர் முதலில் எண்ணியது வேறு. கேமராவை ஓடவைத்து, இதழின் ஓரத்தில் ஊசிமுனையளவு எண்ணெய் வைத்துக் கொடுத்துவிட்டால் வீட்டில் நன்றாக ஓடும், மேடையில் நிற்கும். எத்தனை முறை அழுத்தினால் நிற்கும் என்று நான்கு நாள் சோதித்து, கணக்கைக்கூட நெருங்கிவிட்டார். அந்தத் திட்டத்தைக் கெடுத்தது மலர்விழி.

"நின்னுச்சுனா யாரைச் சொல்லுவாங்க? ரிப்பேருக்காரன் சரியில்லைம்பாங்க. மறுக்காவும் உங்க தலையிலதான் வந்து விடியும். அந்தக் கெழவனுக்கு என்ன போச்சு?"

அதன்பின் அவர் பத்து நாள் வேறு வேலையைத் தொடவில்லை. ஒவ்வோர் இதழையும் தனித்தனியே வெள்ளை பெட்ரோலில் கழுவி, உலர்த்தி, மறுபடி கழுவினார். தேதி கீறிய வளையத்தை மட்டும் மெருகேற்றாமல் அப்படியே விட்டார். கேமராவை வாங்க வந்த சிவக்குமார் ஓசையைக் கேட்டு மகிழ்ந்து, "விழாவுக்கு நீங்க கண்டிப்பா வரோணும், மேடையில ஒரு வார்த்தை பேசோணும்" என்றார். "அதுக்கென்னங்க, வாரேன்" என்றார் அர்த்தநாரி.

மண்டபத்தில் நானூறு பேர் இருந்தனர். என் அக்காளையும், எங்கள் உறவினரில் பழையவர்களையும் நான் அழைத்துச் சென்றிருந்தேன். அது அர்த்தநாரி கேட்ட ஒரே உதவி. வெங்கடாசலம் பொன்னாடையோடு நடுவில் அமர்ந்திருந்தார். பழுது பார்த்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டதும் அவர் தலை நிமிர்ந்தது.

அர்த்தநாரி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், தாம் யார் என்பதையும், திருமண நாளையும், விருந்தில் சொல்லப்பட்டதையும், எண்ணெயையும், வளையத்தில் கண்ட தேதியையும் வரிசையாகச் சொன்னார். பிறகு, "நாங் குடிச்சிருந்தனான்னு அவரையே கேளுங்க" என்று ஒலிவாங்கியை வெங்கடாசலத்தின் முன் நீட்டினார்.

முதியவர் அதை வாங்கிக்கொண்டார். சிறிது நேரம் இருமினார்.

"நெசந்தானுங்க. எண்ணெய் விட்டது நானு. இவன் குடிக்கல. கடைப் பேரு போயிருமேங்கற பயத்துல சொல்லிப்போட்டேன்."

இதற்குப்பின் நடந்ததை அர்த்தநாரி எதிர்பார்க்கவில்லை. கூட்டம் கைதட்டியது. சங்கச் செயலாளர் எழுந்து, "இந்த வயசுல இப்படி ஒத்துக்க எத்தனை பேருக்கு வருமுங்க? பெரிய மனசு!" என்று முழங்கி, வெங்கடாசலத்துக்கு இரண்டாவது பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தனர். முதியவர் கைகூப்பி நின்றார்.

அர்த்தநாரி ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கினார்.

"சால்வை நல்லா இருக்குதுங்க. பத்தொம்பதாந் தேதி இவருக்கு உண்மை தெரிஞ்சுபோச்சு. இருபத்திநாலாந் தேதி என்னைக் குடிகாரன்னாரு. அதுக்கப்பறம் முப்பத்திமூணு வருசம், நாஞ் செவ்வாய்ப்பேட்டையில இருக்கறேன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கல. அதுக்கும் ஒருக்கா கை தட்டிருங்க."

எவரும் தட்டவில்லை. வெங்கடாசலம் இரண்டாவது பொன்னாடையைத் தோளிலிருந்து தாமே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின் நாற்காலியில் உட்கார்ந்தார். படம் எடுக்கும் நிகழ்ச்சியை யாரும் அறிவிக்கவில்லை.

படியில் இறங்கும்போது சிவக்குமார் வழிமறித்தார். "ஏனுங்க, இதை முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா எங்கையில மைக்கு குடுத்திருப்பயா சாமி?"

மண்டப வாசலில் சேலம் பேருந்துக்காகக் காத்திருந்த அர்த்தநாரியோடும் மலர்விழியோடும் நானும் நின்றேன். மலர்விழி அவர் முகத்தைப் பார்த்தார்.

"மனசு ஆறுச்சா?"

"ஆறல" என்றார் அர்த்தநாரி. சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "ஆனா நல்லா இருக்குது."